ஹாரன் இல்லாத வண்டி

ஓரிகன் மாநிலத்தின் பொதுக் காடுகளில் குவாட் ஓட்ட வேண்டுமானால் முதலில் இணையத்தில் ஒரு பாதுகாப்புத் தேர்வு எழுதித் தேற வேண்டும். கட்டணம் கிடையாது. நான் வாங்கியது நூற்றுக்கு நூறு. தேறியதற்குத் தரும் அட்டையை அச்செடுத்து, லேமினேட் செய்து, பர்ஸில் வைத்திருக்கிறேன். குவாட் சம்பந்தமாக நான் நாலு பேர் முன்னால் எடுத்து நீட்டக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

தேர்வு என்று வந்துவிட்டால் நம்மவர்களை யாரும் அசைக்க முடியாது. எந்த வண்டி எந்த வகுப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நாலு சக்கர குவாட் முதல் வகுப்பு. ஜீப் வகையறா இரண்டாம் வகுப்பு. மண்பாதை மோட்டார் சைக்கிள் மூன்று. ஸ்டீயரிங்கும் பக்கத்து சீட்டும் வைத்த சைடு-பை-சைடு நான்கு. மேடு ஏறும்போது இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும்? உடம்பின் எடையை மேட்டுப் பக்கம் வை, பிரேக்கை விடாதே, பார்க்கிங் பிரேக்கைப் போடு, மேட்டுப் பக்கமாக இறங்கு. கேள்வியைப் பாதி படிக்கும்போதே விடையை அழுத்திவிட்டேன். மவுஸ் மிகச் சமர்த்தாக ஒத்துழைத்தது.

எனக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். பிழைப்பு போர்ட்லாந்துக்கு மேற்கே, ஹில்ஸ்பரோவில். சிப் தொழிற்சாலைகள் உள்ள ஊர் என்பதால் தமிழுக்கும் குறைவில்லை, கறிவேப்பிலைக்கும் குறைவில்லை. அரிசோனாவுக்கு மாற்றலாகிப் போன மதுரை நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய குவாட்டையும், அதை ஏற்றிப்போக ஒரு குட்டை ட்ரெய்லரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். "அண்ணே, ஊர்ல டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டியிருக்கீகள்ல? அம்புட்டுத்தேன். இதுல ரெண்டு சக்கரம் கூடவே இருக்கு, கீழ விழுறதுக்கு வழியே இல்ல" என்றார். அவர் சொன்னதில் வண்டிக்கு நாலு சக்கரம் என்பது மட்டும் உண்மை.

இரண்டு சக்கர வண்டி வளைவில் நம்மோடு சேர்ந்து சாயும். குவாட் சாயாது. முறுக்கிக்கொண்டு நிமிர்ந்தே நிற்கும். நாம்தான் சீட்டில் உட்புறமாக நகர்ந்து எடையைக் கொடுக்க வேண்டும். மேடு ஏறினால் முன்னால் குனிய வேண்டும், பள்ளம் இறங்கினால் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். அதாவது ஓட்டுகிற நேரம் முழுக்க உடம்பு வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். என் உடம்போ இருபது வருஷமாக அலுவலக நாற்காலியில் அசையாமல் உட்காரப் பயிற்சி எடுத்தது. காட்டிலும் அதே விசுவாசத்தோடு உட்கார்ந்திருந்தது.

ஆனால் என்னைக் கவிழ்த்தது உட்காரும் விதம் அல்ல, இடது கட்டைவிரல். பொள்ளாச்சி ரோட்டிலும் பெருந்துறை ரோட்டிலும் ஓட்டிப் பழகிய கைக்கு, முன்னால் வளைவு வந்தால் மூளையைக் கேட்காமலே இடது கட்டைவிரல் ஹாரனுக்குப் போய்விடும். குவாட்டுக்கு ஹாரன் இல்லை. என் வண்டியில் சரியாக அந்த இடத்தில் இருப்பது இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச். மறைவான வளைவு, கூடவே மேடு, எதிரே யாராவது வரலாம் என்ற பயம், கட்டைவிரல் அழுத்தம், நிசப்தம். பாதுகாப்புக்காக நான் செய்யும் காரியத்தால் வண்டி நடு மேட்டில் செத்து நிற்கும். அப்போது செய்ய வேண்டியவை எல்லாம் பர்ஸில் லேமினேட் செய்யப்பட்டு இருந்தன. நான் பள்ளத்துப் பக்கமாக இறங்கினேன். இறங்கிய பிறகுதான், முந்நூறு கிலோவுக்குச் சற்றே குறைந்த ஒரு இயந்திரத்துக்கும் ஒரு ஃபெர்ன் புதருக்கும் நடுவில் நான் நிற்பது தெரிந்தது. பின்னால் வந்தவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிப் பார்க்கிங் பிரேக்கைப் போட்டார். சொல்லியிருந்தால் தேவலை.

ஒரு காலத்தில் இந்த வண்டிகளுக்கு மூன்றே சக்கரம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்கா முழுக்க அதை ஓட்டி ஏராளமானவர்கள் கை கால் ஒடித்துக்கொண்டார்கள், உயிரையும் விட்டார்கள். 1988ல் அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி கம்பெனிகள் புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. பயிற்சி வகுப்பு நடத்தவும் ஒப்புக்கொண்டன. மூன்று சக்கரக் காலத்தில் நான் இங்கே வந்து சேர்ந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது, வேறு தலைப்பில் எழுதியிருப்பார்கள்.

டயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கார் டயருக்கு முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். குவாட் டயருக்கு ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழு. டயர் தொளதொளவென்று இருந்தால்தான் கல்லையும் வேரையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு போகும். இதற்கென்று குறைந்த அழுத்தத்தை அளக்கும் தனி கேஜ் விற்கிறார்கள். என்னிடம் இருந்த கார் கேஜ் பத்துக்குக் கீழே எதையும் காட்டாது. அது முள்ளை அசைக்கவில்லை என்பதால் டயரில் காற்றே இல்லை என்று முடிவு செய்து, பெட்ரோல் பங்கில் நாலு சக்கரத்துக்கும் கண் நிறைய அடித்துக்கொண்டு போனேன். அன்றைக்கு முழுக்க எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி பாதையில் வெடித்துக்கொண்டே போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன் என்று எழுதலாம்தான். பல் தானாகவே கடித்துக்கொண்டது.

நான் போவது டில்லமூக் மாநிலக் காட்டுக்கு. ஆறாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், கரையோர மலைத்தொடர் உச்சியைத் தாண்டியதும் பிரௌன்ஸ் கேம்ப் என்று ஒரு இடம். வண்டிகளை இறக்கி ஏற்றுவதற்கான திடல், முகாம், சுற்றிலும் பாதைகள். பச்சை வட்டம் போட்டிருந்தால் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கஷ்டம். நான் பச்சை வட்டத்துக்காரன். நீலச் சதுரத்தின் வாசலில் நின்று எடுத்த படங்கள் என்னிடம் நிறைய உண்டு.

இந்தக் காட்டைப் பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து இப்படியே நிற்கிறது என்று தோன்றும். இல்லை. 1933 ஆகஸ்ட் 14 அன்று கேல்ஸ் க்ரீக் பள்ளத்தாக்கில் மரம் வெட்டும் இடத்தில் தீப்பிடித்தது. சுமார் 2,40,000 ஏக்கர் போயிற்று. அதோடு விட்டதா? 1939ல் மறுபடி, 1945ல் மறுபடி, 1951ல் மறுபடி. ஆறு வருஷத்துக்கு ஒரு தரம், கணக்குப் பிசகாமல். நாலு தீயிலும் சேர்ந்து எரிந்தது 3,55,000 ஏக்கர். 1948ல் ஓரிகன் மக்கள் வாக்களித்து, கடன் பத்திரம் மூலம் பணம் திரட்ட அனுமதி கொடுத்தார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் 7 கோடியே 20 லட்சம் கன்றுகள் நடப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்து நட வைத்தார்கள். 1973ல் கவர்னர் டாம் மெக்கால் இதை மாநிலக் காடாக அர்ப்பணித்தார். ஆக, நான் மோதி நின்ற டக்ளஸ் ஃபர் மரங்களில் ஏதோ ஒன்றை, இன்றைக்குத் தாத்தாவாகிவிட்ட ஒருவர் அரை டவுசரோடு நட்டிருக்கக்கூடும்.

இந்தக் கதை தெரிந்தவர்கள் ஸ்பார்க் அரெஸ்டர் விஷயத்தில் விளையாட மாட்டார்கள். புகைக்குழாயில் இருக்கும் அந்தச் சின்ன வலை, கரிப் பொறி வெளியே பறக்காமல் பிடிக்கிறது. அது இல்லாமல் காட்டுக்குள் வண்டியைக் கிளப்பக் கூடாது. என் வண்டியில் அது இருக்கிறது என்பதை நிரூபிக்க ஒரு தடவை புகைக்குழாயைத் தொட்டே காட்டினேன். ஓட்டி முடித்து அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

தீயின் மிச்சமாகப் பழைய அடிமரங்கள் காடெங்கும் கிடக்கின்றன. ஒரு மழை நாளில் நான் சேற்றில் இறங்கிவிட்டேன். வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை கொட்டும் மலை இது, சேற்றுக்குப் பஞ்சமில்லை. வண்டியின் முன்னால் வின்ச் இருக்கிறது, அதன் கம்பியை ஒரு மரத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். உயிருள்ள மரத்தில் கம்பியை நேரடியாகச் சுற்றினால் பட்டை அறுந்து மரம் செத்துப்போகும், அகலமான பட்டையைச் சுற்றி அதில்தான் மாட்ட வேண்டும். இதுவும் எனக்குத் தெரியும். அந்தப் பட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சரி, உயிரில்லாத மரத்துக்கு ஏது பட்டை என்று, கரிந்து கறுத்திருந்த ஒரு பெரிய அடிமரத்தில் கொக்கியை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது. கம்பி விறைத்தது. வண்டி அசையவில்லை. அடிமரம் அசைந்தது. இத்தனை மாமாங்கம் மழையில் ஊறி உள்ளே பஞ்சாகிப் போயிருந்த அது, பாசியும் பூச்சியும் புடைசூழ, வேரோடு கிளம்பி என்னை நோக்கி வர ஆரம்பித்தது. பொத்தானை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது. நாலு தீக்குத் தப்பி நின்ற ஒரு சரித்திரச் சின்னத்தைச் சேற்றில் இழுத்து என் வண்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருந்தேன்.

வாட்ஸ்ஆப் குழுவில் நான் போட்ட படத்தில் என் முகமெல்லாம் தெறித்திருக்கும் சேறு அன்றைக்குக் கிடைத்ததுதான். நகராத சக்கரத்தை முறுக்கினால் சேறு மிக நன்றாகத் தெறிக்கும். "செம ரைடு போல" என்று பலரும் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் சேற்றைக் கண்டால் பயம். பாதையின் நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அப்படி ஒரு நாள் புதரை மிதித்துக்கொண்டு போகும்போது, பின்னால் வந்த சின்ன குவாட்டில் இருந்த பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "நடுவுல மெதுவாப் போங்க. சுத்திப் போனா பாதை அகலமாயிட்டே போகும்" என்றாள். அவள் அப்பா பின்னால் நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது சரி. ஒருவர் சுற்றிப் போன தடத்தில் அடுத்தவர் போவார், அதுவும் குழியானதும் அதற்கு வெளியே இன்னொருவர் போவார். மழை அந்த மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு வில்சன் ஆற்றில் சேர்க்கும். சால்மன் மீன்கள் ஆற்றடிச் சரளைக்குள் முட்டையிடுகின்றன. வண்டல் படிந்து சரளைக்குள் நீரோட்டம் அடைபட்டால் முட்டை மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஓடை குறுக்கிடும் இடமெல்லாம் பாலம் போட்டிருப்பதும், பாதையில் இடையிடையே மேடு தட்டி மழைநீரை ஓரமாகத் திருப்பிவிட்டிருப்பதும் அதற்காகத்தான். இந்த மேடுகளைத்தான் நான் ஆரம்பத்தில், யாரோ சரியாகச் சமன்படுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்று குறை சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை இங்கே நேரில் ஓட்டச் சொல்லிப் பார்த்துத்தான் தேற்றுகிறார்கள். என்னைப் போன்ற பெரியவர்களுக்கு இணையத் தேர்வு போதும். சட்டம் எழுதியவர்கள் வயதின் மேல் வைத்த நம்பிக்கை எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கைச் சைகை பற்றியும் தேர்வில் வந்தது. குறுகலான பாதையில் எதிரெதிரே கடக்கும்போது, எனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்பதை விரலால் காட்ட வேண்டும். இரண்டு விரல் என்றால் இரண்டு பேர். யாரும் இல்லையென்றால் மூடிய கைமுட்டி. எதிரே வருகிறவர் அதைப் பார்த்து ஒதுங்கி நிற்பார், அல்லது கிளம்புவார். இதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் எதிரே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் வந்து, ஓரமாக ஒதுங்கி, எனக்கு வழிவிட்டுத் தலையசைத்தபோது ஊர்ப் புத்தி முந்திக்கொண்டது. மலர்ந்த முகத்தோடு கையை விரித்து நன்றாக ஆட்டிவிட்டுப் போனேன். ஹெல்மெட்டுக்குள் முகம் மலர்ந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. ஐந்து விரல் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் திடலில் அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "உன் ஆட்கள் ஐந்து பேரும் வந்து சேர்ந்துவிட்டார்களா? நான் ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை. எங்கேயாவது உருண்டிருப்பார்களோ என்று உச்சி வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை, உண்மையான கவலை. அதுதான் என்னைக் கெடுத்தது. "ஓ, அவர்கள் வேறு பாதையில் இறங்கிவிட்டார்கள்" என்றேன். "நல்லதாகப் போயிற்று" என்று நெஞ்சில் கை வைத்தார். இன்றும் என்னைப் பார்த்தால் அந்த ஐந்து பேரையும் நலம் விசாரிக்கிறார். ஒருவர் அரிசோனாவுக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அதிலாவது கொஞ்சம் உண்மை இருக்கட்டும் என்று.

கோடையில் ஒரு மாற்றத்துக்கு மவுண்ட் ஹூட் மலைக்குக் கிழக்கே, மக்கபின்ஸ் கல்ச் பக்கம் நண்பர்களோடு போனோம். அது தேசிய வனம், மத்திய அரசின் சட்டம். அதிபர் நிக்சன் 1972ல் போட்ட உத்தரவு, இந்த வண்டிகளால் மண்ணுக்கும் நீருக்கும் வனவிலங்குக்கும் மற்ற மனிதர்களுக்கும் வரும் தொல்லையைக் குறைக்கும்படியாகப் பாதைகளை ஒதுக்கச் சொன்னது. 2005ல் வனத்துறை விதியை இன்னும் இறுக்கி, ஒவ்வொரு தேசிய வனமும் எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம் என்று வரைபடம் வெளியிட வேண்டும் என்றாக்கியது. இலவச வரைபடம், கறுப்பு வெள்ளை. அதில் இல்லாத பாதையில் வண்டி போகக் கூடாது, அங்கே 'வராதே' என்று பலகை இல்லை என்பதெல்லாம் சாக்கு ஆகாது. படிக்கிற விஷயம் என்பதால் வரைபடம் என் பொறுப்பாயிற்று. பாதைகளின் மேல் நாலு இலக்க எண்கள் இருந்தன. அவை அடிக்கணக்கில் உயரம் என்று எடுத்துக்கொண்டு, "இன்னும் எண்ணூறு அடி ஏறினால் உச்சி" என்று புழுதிக்குள்ளிருந்து குழுவுக்கு அறிவித்தேன். அவை வனச்சாலைகளின் எண்கள். எண்ணூறு அடி ஏறுவதற்குப் பதில் கீழே இறங்கி, தார் ரோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு வரைபடத்தை என்னிடம் கொடுப்பதில்லை. சாப்பாட்டுப் பையைக் கொடுக்கிறார்கள்.

என் மனைவி முதல் நாளே நன்றாக ஓட்டினாள். இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. "ஏனுங்க, அந்தக் கட்டையையே பாத்துட்டு ஓட்டாதீங்க. நீங்க எதப் பாக்கறீங்களோ அங்கதான் வண்டி போவும். போற வழியப் பாருங்க" என்றாள். பயிற்சியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் முதல் பாடம் அது. வாய்க்கால் கரையில் சைக்கிள் விட்டவளுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கிறது. நான் தொடர்ந்து கட்டையைப் பார்த்தேன், கட்டைக்கே போனேன்.

இத்தனைக்கும் நண்பர்கள் மத்தியில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. சனிக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே திடலுக்கு வந்து நிற்பவன் நான்தான். "என்ன ஈடுபாடு பாருங்க" என்பார்கள். காரணம் ட்ரெய்லர். ட்ரெய்லர் மாட்டிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலது பக்கம் போகும். அதனால் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். நீளமான ட்ரெய்லர் நிதானமாகத் திரும்பும். என்னுடையதைப் போன்ற குட்டை ட்ரெய்லர், நாம் யோசிப்பதற்குள் மடங்கிக் காரின் இடுப்பிலேயே வந்து இடிக்கும். இது எல்லாம் மடக்கு நாற்காலியில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

திடலில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, நேராக உள்ளே போய் நேராகவே வெளியே வரலாம். அதைப் பிடிக்கத்தான் அந்த அதிகாலை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை போனால், அந்த இடத்தில் யாரோ முந்தின ராத்திரியே வண்டியைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற இடங்கள் எல்லாம் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டியவை. நாற்காலிகள் ஏற்கெனவே விரிக்கப்பட்டிருந்தன. திடலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, எதையோ மறந்துவிட்டவனைப் போல் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலைக்கே வந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. நேரே மேற்கே, குவாட்டோடு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி டில்லமூக் ஊருக்கே போய்ச் சேர்ந்தேன். அங்கே பேர்பெற்ற பால்பண்ணைத் தொழிற்சாலை இருக்கிறது. கடை திறக்கும் வரை காத்திருந்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கி உட்கார்ந்தேன். போன் அடித்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பது மனைவியின் போனில் தெரியும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, காட்டுக்குப் போறேன்னுட்டு கடல்கிட்ட என்னங்க பண்றீங்க?"

"சும்மா, ஒரு ரவுண்டு."

"வண்டிய எறக்குனீங்களா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அங்க வரைக்கும் போனதுதான் போனீங்க, வெண்ணெய் வாங்கிட்டு வாங்க. உப்பில்லாததாப் பாத்து வாங்குங்க, நெய் உருக்கோணும்" என்றாள்.

நான் வாங்கி வந்தது உப்புப் போட்டது.